வாய்க்காலுக்கு இக்கட்டே இருக்கும் மேடு

பிப்ரவரி 2, திங்கள்

பனி. கண்ணாடியை மூன்று தடவை துடைத்தும் வேனுக்கு முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முதல் டிரிப் தாமதம். பள்ளியில் யாரும் கேட்கவில்லை, எல்லா வண்டியும் தாமதம்தான். கோபி டவுன் வரைக்கும் மஞ்சள் வேகவைக்கிற வாசனை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

புது வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்தைத் தாண்டியாயிற்று. வெள்ளிக்கிழமை லிண்டல் கான்கிரீட் என்று கொத்தனார் ஆறுமுகம் சொல்லியிருக்கிறார். எஸ்தர் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். (இனி எ. என்றே எழுதப் போகிறேன். இந்த டைரியில் பெண்டாட்டி பேர்தான் அதிகம் வருகிறது, கை வலிக்கிறது.) முட்டி வலியோடு குடம் தூக்காதே, டியூப் வைத்து அடித்துக்கொள்ளலாம் என்றால் கேட்பதில்லை. டியூப் தண்ணீர் சுவருக்குள் இறங்காதாம்.

இந்த வீட்டில் அவள் கேட்டது ஒன்றுதான். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். இருபத்தாறு வருடமாக அதற்காகக் காலனியின் கடைசி வரைக்கும் நடக்கிறாள். இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

மத்தியானம் ஊருக்கு ஒறம்பரை, விருந்தாளிகள். மண்கோட்டையை அளக்கத் தொல்லியல் துறையிலிருந்து ஒரு குழு. சின்ன வயசு மேடம் ஒருவர், கூட இரண்டு பேர், முக்காலி மேல் ஒரு கருவி. மண்கோட்டை என்றால் வாய்க்காலுக்கு அக்கட்டே, அந்தப் பக்கம், இருக்கிற பழைய மண் கரை. இரண்டு ஆள் உயரம். மேலே பனைமரம், வெளிப்பக்கம் பள்ளம். அந்தக் காலத்தில் அகழியாம், இப்போது வாழைத்தோப்பு. எந்த ராஜா கட்டினான், யாருக்குப் பயந்து கட்டினான் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. கரை வாய்க்கால் ஓரத்தில் வந்து நின்றுவிடும். வாய்க்காலுக்கு இக்கட்டே, எங்கள் பக்கம், நேராக அதே கோட்டில், எங்கள் புது வீட்டுக்குப் பின்னால், ஒரு மேடு. புல் முளைத்து அதுவும் கரை மாதிரியேதான் இருக்கும்.

மேடம் அந்த மேட்டின் மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, இதுவும் கோட்டையோட தொடர்ச்சிதானே?" என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன்.

பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்களா? ஆமாங்க. நடுவில் வாய்க்கால் வெட்டியபோது அறுந்துபோயிருக்குமா? ஆமாங்க. இங்கே ஒரு வாசல் இருந்திருக்கலாம் இல்லையா? இருந்திருக்குமுங்க. குதிரை கட்டிய இடம் என்றும் சொல்வார்கள் என்று நானாக வேறு சேர்த்தேன். அந்தக் குதிரை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மேடம் எல்லாவற்றையும் எழுதி என்னிடம் நீட்டினார். பேர் சாமுவேல், வேன் டிரைவர் என்று போட்டு, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் சாயங்கால டிரிப்புக்கு நேரமாகிவிட்டது.

அது கிணற்று மண் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு ஆறு வயதில் அப்பா கூலிக்குப் போன பண்ணாடி தோட்டத்தில் கிணறு வெட்டி, அப்பாவும் அம்மாவும் கூடையில் சுமந்து கொட்டிய மண். தெரியும். ஆனால் ஒரு பிள்ளை வெயிலில் நின்று அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று எப்படிச் சொல்வது. கோட்டை என்று எழுதிக்கொண்டு போகட்டும். நமக்கு என்ன நஷ்டம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி குறைவு. வேன் பின் டயரில் காற்று இறங்குகிறது, பார்க்க வேண்டும்.

டீக்கடையில் கோட்டைப் பேச்சுதான். "டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் வருமாமா." "வந்தா எங்க நிறுத்துவானுங்க, உங்க ஊட்டு வாசல்லயா?" பக்கத்து சைட் பழனிசாமி என்னைப் பார்த்து, "உங்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காலி வரைக்கும் கோட்டையாமா, இனி நீங்கதான் ராசா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

செய்ய வேண்டியவை: கட்டுக்கம்பி. ஜல்லி இன்னும் கொஞ்சம். கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் திறப்பது என்று எ.யிடம் கேட்க. டயர்.

ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை. எ. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 5, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

வி.ஏ.ஓ. வந்தார். கையில் ஒரு வரைபட நகல். வாய்க்காலுக்கு அக்கட்டே இருக்கிற கோட்டைக் கரை முழுக்கச் சிவப்புக் கோடு. கோடு வாய்க்காலைத் தாண்டி வந்து எங்கள் மேட்டின் மேலும் போகிறது. கோட்டையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் சொல்லி எழுதப் போகிறார்களாம். அறிவித்தால் கோட்டை ஓரத்தில் புதுக் கட்டடம் எதுவும் கட்டக்கூடாது. அதனால் இப்போதைக்கு வேலையை நிறுத்துங்கள் என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்.

"அக்கட்டே மட்டும்னா உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. இக்கட்டே மேட்டையும் சேத்துப்போட்டாங்க. உள்ளூர்க்காரங்க ரெண்டு பேரு எழுதிக் குடுத்திருக்காங்களாமா."

யார் யார் என்று கேட்டேன். தன்னிடம் இருக்கிற காகிதத்தில் பேர் இல்லை என்றார்.

அந்த இரண்டு பேரில் ஒரு ஆள் யாரென்று எனக்குத் தெரியும்.

ஆறுமுகம் சென்ட்ரிங் பலகையையெல்லாம் வேறு வேலைக்கு ஏற்றிப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பலகை சும்மா கிடக்க முடியுமா. எ. குடத்தோடு சுவர் ஓரம் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடத்துத் தண்ணீரைச் சுவருக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று லிண்டல் போட்டிருக்க வேண்டும்.

டிரிப்புக்கு முன்னால் கோட்டைக் கரை மேல் ஏறி நடந்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சுவர் நாலும் தெரிகிறது. அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் எவனும் மேட்டைக் கரையோடு சேர்த்துத்தான் நினைப்பான். மேடத்தின் மேல் தப்பே இல்லை. தப்பெல்லாம் இந்த வாய் மேல்.

அப்பா பண்ணாடியிடம் பேசி நான் கேட்டது இரண்டே சொல். ஆமாங்க பண்ணாடி, சரீங்க பண்ணாடி. அதற்குமேல் பேசத் தேவை வந்ததில்லை, வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார். நான் மம்பட்டி பிடிக்கவில்லை. லைசென்ஸ் இருக்கிறது, காக்கிச் சட்டை இருக்கிறது, பிள்ளைகள் அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள். வாய் மட்டும் அப்பாவின் வாய்தான். சட்டை நன்றாக இருக்கிற யார் எதைக் கேட்டாலும் ஆமாங்க தானாக வந்துவிடுகிறது. டயர் கடைக்காரன் டயர் போச்சுங்களா என்று கேட்டாலும் ஆமாங்க. அவன் மாற்றிவிட்டான். நல்ல டயர் அது.

போய் மாற்றிச் சொல்லலாம். ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை இல்லை என்றால் பொய் சாட்சி என்று கேஸ் போடுவார்களா? கேஸ் இருக்கிற ஆளைப் பள்ளி வேன் ஓட்ட விட மாட்டார்கள். போலீஸ் சான்றிதழ் வாங்கித்தானே வேலையில் சேர்த்தார்கள்.

எ.யிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன முகத்தோடு சொல்வது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆராதனை. போதகர் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல் பத்துக் கட்டளையை எடுத்துக்கொண்டார். பொய் சாட்சிக்கு வந்தபோது நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன், எ. தலையைக் குனிந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீடு போன துக்கம். அதைப் பார்த்த பிறகு மதியச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது ஆள் யார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.
1. டீக்கடைக்காரர். வாய் அதிகம், ஆனால் கையெழுத்துப் போட மாட்டார்.
2. பஞ்சாயத்துத் தண்ணி விடுகிறவர். அன்றைக்கு ஊரில் இல்லை.
3. பழனிசாமி. எங்கள் சைட்டின் பின்பக்கமாகப் போய்வரத் தடம் கேட்டான், நான் தரவில்லை. வீடு வராவிட்டால் தடம் அவனுக்கு. அன்று டீக்கடையில் ராசா என்று சிரித்த சிரிப்பே சரியில்லை.

பழனிசாமிதான்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பழனிசாமி எதிரில் வந்து, "ஏனுங்க, வேலை நின்னுபோச்சாமா?" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அப்படியே நின்றுகொண்டிருக்கிறான். நடிப்பு.

மகள் ரூபி போத்தனூரிலிருந்து போன் செய்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா நேற்று போனில் அழுதாள், கேட்டால் ஒன்றும் சொல்லவில்லை, என்ன விஷயம் என்றாள். வீட்டு வேலை நின்றதுதான் என்றேன். "அதுக்கு அம்மா என்னைய மன்னிச்சிருன்னு எதுக்குப்பா சொல்லோணும்?" என்று கேட்டாள். பெரிய ஆசையாக இருந்தாள், உனக்கு நல்ல வீடு காட்ட முடியவில்லையே என்று இருக்கும் என்றேன்.

எ. என்னைத் திட்டியே நாலு நாள் ஆகிறது. செருப்பை வாசலில் குறுக்கே விட்டுப் பார்த்தேன். எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். கேட்காமலே எனக்குப் பிடித்த சந்தகை செய்து கொடுத்தாள், தேங்காய்ப்பாலோடு. அவளுக்கு நான் செய்தது தெரிந்துவிட்டது, தெரிந்தும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. இது திட்டுவதைவிடக் கொடுமை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று போனேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை டிரிப் முடித்து நேராகக் கோட்டைக்கு. குழு கரையில் பந்தல் போட்டிருக்கிறது. பந்தலைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி தாண்டிப் போனேன். மேடமே பார்த்துக் கூப்பிட்டுவிட்டார். வாங்கண்ணா, சாப்பிட்டாச்சா என்றார். ஆமாங்க என்றேன். சாப்பிடவில்லை. வேலை எல்லாம் நல்லா போகுதா என்றார். ஆமாங்க என்றேன். வேலையே நின்றுபோய்க் கிடக்கிறது. பிறகு மேடம் வரைபடத்தை விரித்து, அகழியும் உங்கள் பக்கம் வந்திருக்கும் போல, காலனித் தெரு பள்ளமாக இருக்கிறதே என்றார்.

ஆமாங்க என்று பாதி வாய்க்கு வந்துவிட்டது. இருமி அதை விழுங்கினேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் ஒரு தடவை ஆமாங்க சொல்லியிருந்தால் காலனி முழுக்க அகழிக்குள் போயிருக்கும். நாற்பது வீடு. சாயங்கால டிரிப்பில் ஒரு பிள்ளையை அதன் வீட்டைத் தாண்டி இறக்கப் பார்த்தேன்.

பிப்ரவரி 11, புதன்

சொல்லிவிட்டேன்.

பந்தலுக்குப் போனதும் மேடம் வாங்கண்ணா என்பதற்குள் சொல்லிவிட்டேன். மேடம், அது கோட்டை இல்லீங்க. அது கிணத்து மண்ணுங்க. பக்கத்தில் இருந்த பனைமரத்தைப் பிடித்துக்கொண்டேன். இல்லீங்க என்று ஒரு அதிகாரியிடம் நான் சொன்னது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. ஐம்பத்திரண்டு வயது.

பிறகு நிறுத்த முடியவில்லை. பண்ணாடி தோட்டத்தில் வெட்டிய கிணறு, எவ்வளவு ஆழம் போயும் தண்ணீர் வராதது, பாறைக்கு வெடி வைத்தது, அப்பாவும் அம்மாவும் சுமந்தது, கிணற்றை மூடிச் சமன் செய்து இப்போது சைட் போட்டுவிட்டது, அந்த சைட்டில் ஒன்றுதான் எங்களுடையது, எல்லாம் சொன்னேன். குதிரையும் பொய் என்றேன்.

மேடம் கையில் இருந்த பேனாவை மூடினார். பிறகு, "அப்ப அன்னைக்கு ஏன்ணா ஆமான்னு சொன்னீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

"நீங்க ஆசையா கேட்டீங்க மேடம். இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டேன், இது என்ன மேடு என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். கேஸ் வருமா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் வராது என்றார். அதைக் கேட்டதும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

ஆனால் ஒருவர் மாற்றிச் சொன்னால் மட்டும் போதாது, இன்னொருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார், நாளைக்கு அந்த மேட்டை ஓரிடத்தில் வெட்டிப் பார்த்துவிடலாம் என்றார். அந்த இன்னொருவர் யார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. யாரென்று தெரிந்த பிறகு எதற்குக் கேட்பது.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை. எ. ஆச்சரியமாகப் பார்த்தாள்.

பிப்ரவரி 12, வியாழன்

நல்ல வெயில். காலை டிரிப் முடித்து, பள்ளியில் அரை நாள் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேட்டின் குறுக்கே ஒரு ஆள் அகலத்துக்குப் பள்ளம் எடுத்தார்கள். நானும் மம்பட்டி பிடித்தேன். பதினைந்து நிமிடத்தில் கை கொப்பளித்துவிட்டது. கோட்டையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொய்யை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன்.

மேலே புல், கொஞ்சம் மண். அதன் கீழே ஒரே கல். உடைந்த பாறைச் சில்லு. அதற்கும் கீழே வெள்ளைச் சுக்கான் மண். அதற்கும் கீழே, அடியில், நல்ல செம்மண். மேடம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைகீழாகக் கிடக்கிறது என்றார். தலைகீழாகத்தான் கிடக்கும். கிணறு வெட்டினால் மேல்மண் முதலில் வரும், அது கொட்டுகிற இடத்தில் அடியில் கிடக்கும். பாறை கடைசியில் வரும், அது மேலே கிடக்கும். இதை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு கல்லைப் புரட்டினோம். அதன் ஒரு பக்கத்தில் விரல் பருமனுக்கு நேராக ஒரு பள்ளத் தடம். வெடிமருந்து வைக்கக் கம்பி இறக்கிய குழியில் பாதி. "ராசா காலத்துல இப்பிடிக் கம்பி இறக்கி வெடி வெச்சிருக்க மாட்டாங்களே மேடம்" என்றேன். மேடம் அந்தத் தடத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு என்னைக் கூட்டிப்போய் உண்மையான கோட்டைக் கரையில் அவர்கள் வெட்டிய இடத்தைக் காட்டினார். அங்கே மண் வேறு மாதிரி. அடுக்கடுக்காகத் தட்டி இறுக்கியது. ஒவ்வொரு அடுக்கிலும் கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக. ஒவ்வொரு திட்டும் ஒரு கூடை மண் என்றார். ஒரு ஆள் ஒரு தடவை சுமந்து வந்து கவிழ்த்தது. இத்தனை காலம் கழித்தும் கூடை கூடையாகத் தெரிகிறது. எண்ணிப் பார்த்தேன். ஒரு கை அகலத்திலேயே பதினொன்று.

யார் கட்டியது என்று மேடத்துக்கும் தெரியவில்லை. சுமந்தது யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களாகத்தான் இருப்பார்கள். கட்டி முடித்ததும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதே நேரம், இது இருக்கட்டும், யாரும் தொடாமல் இருக்கட்டும் என்றும் இருந்தது. ஒரு திட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

வி.ஏ.ஓ. வழியில் வேனை நிறுத்திச் சொன்னார். கோடு வாய்க்காலோடு நின்றுவிட்டது. எங்கள் வீடு கணக்கில் இல்லை. காலனியும் இல்லை. "தாராளமா கட்டிக்குங்க" என்றார். பின்னால் பிள்ளைகள் இருந்ததால் கத்தவில்லை. ஹாரன் மட்டும் அடித்தேன். கொஞ்சம் நீளமாக.

எ.யிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் கையெழுத்து விஷயம் தவிர மற்ற எல்லாம் சொன்னேன். மண்ணைத் தோண்டிப் பார்த்தார்களாம், கிணற்று மண்ணாம் என்று ஏதோ தானாக நடந்த மாதிரி. எ. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கர்த்தருக்கு நன்றி என்று ஒரு இருபது தடவை சொல்லியிருப்பாள். பிறகு எழுந்து, செருப்பை இப்படியா வழியில் விடுவீங்க என்று திட்டினாள். காதில் தேன்.

பிப்ரவரி 14, சனி

லீவு. ஆறுமுகத்தைப் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமையே வருகிறேன் என்றார். பலகையை அவரே சைட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

வாங்கியவை: கட்டுக்கம்பி, ஜல்லி, எ.க்கு முட்டித் தைலம், இரண்டு கிலோ மைசூர்பாக்.

கக்கூஸ் கதவு வெளிப்பக்கம் திறக்கும். முடிவாகிவிட்டது. சைட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, எ. உள்ளே போய் நின்று, கையைச் சுவரில் ஊன்றி எழுந்து பார்த்தாள். இங்கே ஒரு பிடி வைக்கச் சொல்லுங்க என்றாள். கூரை இல்லாத கக்கூஸில் அவள் நிற்பதைப் பார்த்து ஆறுமுகம் சிரிக்க, அவளும் சிரித்தாள். பத்து நாளாக இந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை.

மைசூர்பாக்கைத் தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தோம். பழனிசாமி வீட்டைத் தாண்டி வந்துவிட்டேன். எ. ஏன் என்று கேட்டாள். காரணம் இருக்கிறது என்றேன். அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

லிண்டல் போட்டாயிற்று. எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்தது. மழை இல்லை, கலவை இயந்திரம் நிற்கவில்லை, ஒருவர் காலிலும் கம்பி குத்தவில்லை. இதைவிட என்ன வேண்டும்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

இரண்டு டிரிப்புக்கும் நடுவில் நான் சைட்டில் இருந்தபோது மேடம் வந்தார். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார்களாம். கையில் பழைய காகிதம். நான் சொன்னதையெல்லாம் எழுதியது. அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சந்தோஷமாகப் போட்டேன். அப்புறம் எ. பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களும் போடணும்" என்றார்.

எ. வேலையாட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்து வழிந்தது.

காகிதத்தின் அடியில் பார்த்தேன். என் பேருக்குக் கீழே எஸ்தர் என்று இருந்தது. ஒன்றாங்கிளாஸ் பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா.

டீப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து போட்டாள். மேடம் டீ குடித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். சாயங்கால டிரிப் முடிந்து, கொத்தனார் ஆட்களும் கிளம்பிய பிறகு ஜல்லிக் குவியல் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீங்க பொழுதோட, சாயங்கால டிரிப்புக்குப் போயிட்டீங்க. நான் தண்ணி ஊத்திட்டு இருந்தேன். அந்தப் புள்ள வந்து, ஏக்கா இது கோட்டைதானேன்னு கேட்டுச்சு. மூஞ்சி அவ்வளவு சந்தோசமா இருந்துச்சுங்க. ஆமா கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். நம்ம ஊட்ட நானே நிறுத்திப்போட்டேன்னு உங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது? இத்தனை நாளா உங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க."

நீ மட்டுமா என்றேன். எல்லாம் சொன்னேன். மேலே இருக்கிற முதல் கையெழுத்து யாருடையது என்று அவள் இன்று வரை பார்க்கவே இல்லையாம். அன்று காட்டிய இடத்தில் போட்டாளாம், இன்று பார்க்கிற தைரியம் இல்லாமல் தன் பேரை மட்டும் தேடிப் போட்டிருக்கிறாள். இத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே தப்பைச் செய்துவிட்டு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஜெபம் செய்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை. அவள் அழுதாள், அப்புறம் அவளும் சிரித்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டே.

பிறகு கேட்டாள். "இல்லைன்னு எப்பிடிங்க சொன்னீங்க?"

பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன் என்றேன்.

புடவையில் ஒட்டிய ஜல்லித் தூசியைத் தட்டினாள். "என்கிட்டச் சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனுங்க. ரெண்டு பேரும் சேந்து சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மணி ஆறரை. பழனிசாமி வீட்டுக்குப் போக வேண்டும். எட்டு நாளாக அந்த மனுசனிடம் முகம் கொடுக்கவில்லை, ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டு அவன் வாசலைத் தாண்டி வந்தோம். அவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எ. மீதி மைசூர்பாக்கைத் தட்டில் வைத்து மூடி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இன்னும் என்ன எழுதுறீங்க, எந்திரிங்க என்கிறாள்.